மூன்று கம்பனிகள் உள்ள தெரு

செப்டம்பர் 2, திங்கள்

ஐரோப்பாவில் எந்த மூலையில் இணையம் ஓடுகிறது, எந்த மூலையில் தவழுகிறது என்று சொல்லும் அறிக்கை இந்த முறை என் தலையில் விழுந்திருக்கிறது. டோர்ட்முண்ட் அலுவலகத்தில் நாங்கள் ஏழு பேர் இருக்கிறோம், ஆனால் பொறுப்பு என்று வந்தால் ரைனருக்கு என் முகம் மட்டும்தான் தெரியும். மேலதிகாரி என்றால் அப்படித்தான்.

அட்டவணையில் இரண்டு நிரல்கள்தான் முக்கியம். ஒரு வட்டாரத்தில் எத்தனை வீடுகளுக்கு இணைய லைன் கிடைக்கும் என்பது முதலாவது. அந்த லைனை விற்க எத்தனை கம்பனிகள் போட்டி போடுகின்றன என்பது இரண்டாவது. வாசலோடு லைன் போனாலே அந்த வீடு ‘கிடைக்கும்’ கணக்கில் சேர்ந்துவிடும். உள்ளே வந்ததா, யாராவது பாவிக்கிறார்களா என்பது எங்கள் கேள்வி அல்ல.

இன்று ஒரு மலை மாவட்டத்தைப் பார்த்தேன். நூற்றுக்கு நூறு வீடுகளுக்கும் லைன் உண்டு என்று எழுதியிருந்தார்கள். வரைபடத்தைப் பெரிதாக்கினால் அந்த வீடுகளில் பாதி ஆட்டுக்கொட்டில்கள். இந்தக் கம்பனிகள் ஆட்டுக்கும் இணைப்பு விற்கக்கூடியவை.

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து போன் எடுத்தாள். வழக்கமான புலம்பல்தான். “சின்னவளின்ர முகத்தைக் கண்டு எத்தினை மாதமாச்சு. சித்திரை வருசத்துக்குப் பிறகு காணவே இல்லை. நீ இன்ரநெற்றிலதானே வேலை செய்யிறாய், உன்னால ஒண்டும் ஏலாதோ?”

தங்கை கிருபாலினி கல்யாணம் கட்டி டென்மார்க் போய் மூன்றாவது வருடம். கணவர் நிரஞ்சனுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. யூட்லாந்தில், ஸ்கோவ்கெர் என்ற சின்ன ஊரில் இருக்கிறார்கள். அங்கே லைன் இல்லை, போன் சிக்னலும் ஜன்னலோரத்தில் ஒரு கோடுதான் என்று நிரஞ்சன் சொல்லியிருக்கிறார். கிருபாவின் போனும் உடைந்துவிட்டது. அதனால் அவர் போனில் இரண்டு நிமிடம் குரல் மட்டும் கேட்கும். எனக்குக் கல்யாணம் பேசிக் களைத்துப்போன அம்மாவுக்கு நிரஞ்சன் தங்கமான மருமகன். எனக்கும் அவரைப் பிடித்துத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 5, வியாழன்

எனக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. கம்பனிகள் எழுதித் தருவதை நம்ப முடியாது. எல்லா இடத்துக்கும் நேரில் போய் அளக்க ஆளும் இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்தைப்போல் ஐரோப்பா முழுக்கச் சிதறிக் கிடக்கும் குடும்பம் வேறு எங்கே கிடைக்கும்? பலெர்மோவில் சித்தப்பா, பாரிஸ் பக்கத்தில் தயா மச்சான், டென்மார்க்கில் நிரஞ்சன். வேகம் அளக்கும் பக்கத்தை ஒவ்வொருவருக்கும் அனுப்பினேன். பொத்தானை அமத்திவிட்டு, வரும் எண்ணைக் குடும்பக் குழுவில் போடச் சொன்னேன்.

அதோடு குழு பற்றி எரிந்தது. மச்சானின் எண் சித்தப்பாவின் எண்ணைவிட மூன்று மடங்கு. சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. “உது பிழையாக் காட்டுது பிள்ளை. நான் இப்ப பல்கனிக்குப் போய் இன்னொருக்கா அமத்துறன்” என்றார். பல்கனியில் இன்னும் குறைந்தது. மச்சான் சிரிப்பு முகங்களாக அனுப்பித் தள்ளினார்.

சித்தி எனக்குத் தனியாக எடுத்தா. “உவருக்கு அமத்தத் தெரியாது பிள்ளை. நான்தான் அமத்தினனான். எண்ணை மட்டும் தன்ர பேரில போட்டிட்டார்.” விழுந்து விழுந்து சிரித்தேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

நிரஞ்சனிடமிருந்து எண் வரவில்லை. பழுப்பு நிற உடுப்புகளோடு வெள்ளைச் சட்டையையும் தோய்க்கப் போட்டுவிட்டேன். போச்சு.

செப்டம்பர் 9, திங்கள்

நிரஞ்சன் எடுத்தார். எப்போதும்போல மரியாதையான பிள்ளை.

“அக்கா, குறை நினைக்காதேங்கோ. அளக்கிறதுக்கு இஞ்ச லைனே இல்லை. நீங்கள் தந்துவிட்ட டாப்லெட்டும் சும்மா கிடக்குது.”

“என்ர அட்டவணையில உங்கட தெருவுக்கு ஃபைபர் போயிருக்கு, மூண்டு கம்பனி விக்குது எண்டெல்லோ இருக்குது தம்பி.”

“அவங்கள் எழுதுவாங்கள் அக்கா. எழுதுறதுக்கு என்ன. இஞ்ச வந்து பாத்தால்தானே தெரியும்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டென்மார்க்கின் நிரல்கள்தான் என் அட்டவணையிலேயே கறையில்லாதவை. அங்கேயும் பொய்யா? ஒரு கம்பனி அல்ல, மூன்று கம்பனிகள் சேர்ந்து ஒரே பொய்யா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள். உண்மையைச் சொன்னால், அதிர்ச்சியோடு சேர்ந்து ஒரு சந்தோஷமும் வந்தது. இதைப் பிடித்தது நான்.

கிருபாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். குளிக்கிறாளாம்.

செப்டம்பர் 12, வியாழன்

ரைனர் சந்தேகப்படுகிறார். அந்த ஊரில் வேறு யாரையாவது கேட்டுப் பார்க்கலாமே என்றார். என் தங்கையின் கணவர், அந்த வீட்டிலேயே இருப்பவர், அவரைவிட யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார்.

மாலையில் நிரஞ்சன் எடுத்துக் கிருபாவிடம் போனைக் கொடுத்தார். சுகமா என்றேன், சுகம் என்றாள். சாப்பிட்டாயா என்றேன், சாப்பிட்டேன் என்றாள். தோட்டத்தில் காயப்போட்ட உடுப்பை எடுத்துவருகிறேன் என்று நிரஞ்சன் சொல்லிவிட்டுப் போன நேரம், திடீரென்று என் வேலையைப் பற்றிக் கேட்டாள்.

“அக்கா, ஒரு வீட்டுக்கை லைன் வந்திருக்கோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறவை?”

இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி வீட்டில் யாரும் கேட்டதில்லை. சுவரில் முழங்கால் உயரத்தில் சின்ன வெள்ளைப் பெட்டி இருக்கும், அதில் பச்சை லைற் எரிந்தால் லைன் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம் என்று விளக்கினேன். “ஓ” என்றாள். கம்பனிகளின் போட்டியைப் பற்றியும் சொல்லத் தொடங்கினேன், அதற்குள் போன் நிரஞ்சன் கைக்குப் போய்விட்டது. அவள் குரல் அடைத்திருந்தது. சளித் தடிமனாக்கும்.

செப்டம்பர் 16, திங்கள்

நிரஞ்சன் ஒரு உதவி கேட்டார். லைன் இல்லை என்று எங்கள் நிறுவனம் ஒரு வரி எழுதித் தந்தால் நகரசபையில் கொடுத்துச் சண்டை பிடிக்கலாமாம். நியாயமான விஷயம். நிறுவனத்தின் தலைப்புள்ள தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்: ‘மேற்படி முகவரியில் நிலையான இணைய இணைப்பு இல்லை என எமது ஆய்வில் தெரியவருகிறது.’

“அதைத் தமிழிலயும் ஒருக்கா எழுதி விடுங்கோ அக்கா. கிருபாவும் வாசிச்சுச் சந்தோசப்படுவா. அக்காவின்ர எழுத்தெல்லோ.”

தமிழிலும் எழுதினேன். அழகாகவே வந்தது. வேலைக் கடிதத்தைத் தமிழில் எழுதியது இதுவே முதல் தடவை.

செப்டம்பர் 17, செவ்வாய்

ரைனர் சம்மதித்துவிட்டார். அறிக்கை ஸ்கோவ்கெரில் தொடங்கும். முதல் பக்கம், முதல் பந்தி.

செப்டம்பர் 23, திங்கள்

அந்த ஊருக்குக் கேபிளை நிலத்தடியில் தாட்ட மின்சாரக் கூட்டுறவிலிருந்து பதில் வந்தது. தெரு முழுக்க லைன் உயிரோடு இருக்கிறதாம்; எதிர்வீட்டில் அளந்து பார்த்தார்களாம்; விரும்பினால் நாங்களே வந்து பார்க்கலாமாம். என்ன துணிவு. கொதித்துப்போய், வருகிறேன் என்று பதில் போட்டேன்.

எந்த நாள் வருகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லாமல் போவதுதான் எங்கள் வேலையில் முறை. சொன்னால் அன்றைக்கு மட்டும் எல்லாம் நன்றாக வேலை செய்யும். அதனால் நிரஞ்சனுக்கும் சொல்லவில்லை.

அம்மாவுக்கு மட்டும் சொன்னேன். “வெறுங்கையோட போகாதை. பயத்தம் பணியாரம் சுட்டுக்கொண்டு போ, அவளுக்குப் பிடிக்கும்” என்றாள். சுட்டேன். பாதி உடைந்துவிட்டது.

செப்டம்பர் 26, வியாழன்

ஹோட்டல் அறையில் இருந்து எழுதுகிறேன். நடந்த ஒழுங்கிலேயே எழுதப் பார்க்கிறேன். எனக்கு அது ஒன்றுதான் தெரியும்.

மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். ஒரே தெரு, இரண்டு பக்கமும் செங்கல் வீடுகள், பின்னால் வயல். தெருவோரம் கேபிள் தாட்ட தடம் இன்னும் புல் மூடாமல் தெரிந்தது. கடைக் கண்ணாடியில் மூன்று கம்பனிகளின் விளம்பரங்களும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருந்தன. வேறு ஊருக்கானவை என்று நினைத்தேன்.

கூட்டுறவு சொன்ன எதிர்வீட்டில் முதலில் தட்டினேன். இங்கெ என்று ஒரு பெண், பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், ஜெர்மன் நன்றாகப் பேசினார். அவருடைய சுவரில் வெள்ளைப் பெட்டி, பச்சை லைற். அளந்தேன். பாரிஸ் மச்சானின் எண்ணைவிட இரண்டு மடங்கு வந்தது. கருவி பிழை என்று இன்னொரு தடவை அளந்தேன். அதே எண்.

“எதிர்வீட்டுக்கு மட்டும் ஏன் தரவில்லை?” என்று கேட்டேன்.

அவர் என்னை விளங்காமல் பார்த்தார். “அங்கேயும் அதே நாளில்தான் போட்டார்கள். வேலையாளுக்கு நான்தான் காப்பி கொடுத்தேன்.”

இல்லை என்றேன். அந்த வீட்டில் இருப்பவர் என் தங்கையின் கணவர், அவரே சொன்னார் என்றேன். இங்கெ ஜன்னல் திரையை விலக்கி எதிர்வீட்டைக் காட்டினார். பிறகு, “அவர் ஒவ்வொரு காலையும் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் காரில் வைப்பார். ரவுட்டர்தான், அன்டெனா தெரியும். மாலையில் திரும்ப உள்ளே கொண்டுபோவார். ஏதோ பழுது, திருத்தக் கொண்டுபோகிறார் என்று முதலில் நினைத்தேன்” என்றார். “உங்கள் தங்கையை ஜன்னலில் பார்ப்பேன். கை காட்டுவேன். வசந்த காலம்வரை அவளும் காட்டுவாள்.”

தெருவைக் கடந்தது எனக்கு நினைவில்லை. மணி அடித்தேன், யாரும் வரவில்லை. “கிருபா, நான் துஷி அக்கா” என்றேன். கதவு கொஞ்சமாகத் திறந்தது.

என் தங்கைக்கு முன்பல் ஒன்று இல்லை. வலது மணிக்கட்டு உடைந்து கோணலாகப் பொருந்தியிருந்தது. கன்னம் ஒட்டிப்போய், காய்ச்சலில் கிடந்த அம்மாவைப் போல இருந்தாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

“அவர் அனுப்பினவரோ?” என்று கேட்டாள்.

“இல்லை. அவருக்குத் தெரியாது.”

அதன் பிறகே உள்ளே விட்டாள். கூடத்தில் முழங்கால் உயரத்தில் வெள்ளைப் பெட்டி இருந்தது. பச்சை லைற் எரிந்துகொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு வயர் வெறுமனே தொங்கியது. நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

“அது கரண்ட் மீற்றர் எண்டவர்” என்றாள். “எனக்கு நம்பிக்கை இல்லை. பின்னேரத்தில மேல் அறையைப் பூட்டிப்போட்டுப் படம் பாப்பார், சத்தம் கேக்கும். போன் சிக்னல் எண்டுவார். அதுதான் அண்டைக்கு உங்களைக் கேட்டனான். நீங்கள் வெள்ளைப் பெட்டி, பச்சை லைற் எண்டு சொன்னனீங்கள். அடுத்த நாள் முழுக்க இதுக்கு முன்னாலதான் இருந்தனான். இருக்குது, இருக்குது எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு. லைன் இருக்குதெண்டா ஒரு வழி இருக்குதெல்லோ. எதிர்வீட்டு அம்மாட்டை டாப்லெட்டைக் கொண்டு ஓடலாம் எண்டுகூட யோசிச்சனான்.”

“பேந்து ஏன் ஓடேல்லை?”

“பேந்து உங்கட கடிதம் வந்தது.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

“தமிழில இருந்தது. உங்கட கையெழுத்து. ‘உன்ர கொக்கா ஐரோப்பா முழுக்க லைன் பாக்கிறவ, அவவே இல்லையெண்டு எழுதிப்போட்டா, இன்னும் உனக்கு விசரோ’ எண்டு கேட்டவர். எனக்கு அவரில நம்பிக்கை இல்லை அக்கா. உங்களில இருந்தது. அப்ப எனக்குத்தான் மண்டை பிழைச்சிட்டுது எண்டு நினைச்சிட்டன். அதுக்குப் பிறகு இந்தப் பக்கம் பாக்கிறதே இல்லை.”

நான் ஏதோ சொன்னேன். தெரியாது என்றோ, அவர் ஏமாற்றிவிட்டார் என்றோ. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“நீங்கள் எத்தினை தரம் எடுத்தனீங்கள்? லைனைப் பற்றி அவரைத்தானே கேட்டனீங்கள். என்னை ஒருக்காலும் கேக்கேல்லை.”

காரில் ஏறு, இப்போதே டோர்ட்முண்டுக்குப் போவோம் என்று கையைப் பிடித்தேன். கோணல் மணிக்கட்டு. கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

“உங்களோட வரமாட்டன். அம்மா அழுவா. சித்தப்பா கதைப்பார். அவர் வந்து உங்களை அக்கா, அக்கா எண்டுவார். நீங்கள் திருப்பிக் கொண்டுவந்து விட்டிடுவியள்.”

நான் விடமாட்டேன் என்றேன். அவள் சப்பாத்தைப் போட்டாள். ஒரு பையும் எடுக்கவில்லை. தெருவைக் கடந்து இங்கெயின் கதவைத் தட்டினாள். அவர் திறந்து, ஒன்றும் கேட்காமல் அவளை உள்ளே அழைத்துக்கொண்டார். நான் தெருவின் இந்தப் பக்கம் நின்றேன். பணியாரம் காரிலேயே இருக்கிறது.

செப்டம்பர் 27, வெள்ளி

இங்கெ அழைத்துப் பொலீஸ் வந்தது. கிருபாவைப் பெண்கள் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். எங்கே என்று கேட்டேன். குடும்பத்தாருக்குச் சொல்வதில்லை என்றார்கள். நான் அக்கா என்றேன். “அதனால்தான்” என்றார் அந்தப் பெண் அதிகாரி, சாந்தமாக.

அம்மாவிடம் சொன்னேன். பல்லைப் பற்றியும் கையைப் பற்றியும் சொன்னேன். அவள் அழுதாள், பிறகு கேட்டாள்: “நிரஞ்சன் பிள்ளை போன் எடுத்துக் குழறி அழுகுது. சமாதானமாக் கதைச்சிருக்கலாமே. நீ போய் எல்லாத்தையும் குழப்பிப்போட்டாய்.” என் அம்மாதான் இதைச் சொன்னாள். போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தேன், வேறு யாருக்கோ எடுத்துவிட்டேனோ என்று.

குழுவில் சித்தப்பா எழுதியிருக்கிறார்: ‘ஒரு பல்லுக்காக ஒரு குடும்பத்தைப் பிரிக்கிறதோ.’ அதற்குக் கீழே நிரஞ்சன் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டிருக்கிறார். கிருபாவுக்கு இந்த மனிதர்களைத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

செப்டம்பர் 30, திங்கள்

சித்தி தனியாக எடுத்தா. “விட்டிடாதை பிள்ளை” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டா.

அக்டோபர் 8, செவ்வாய்

டென்மார்க் பொலீஸ் இன்று எங்கள் அலுவலக எண்ணுக்குப் போன் எடுத்தது. ரைனரும் அறையில் இருந்தார்.

நிரஞ்சனின் வழக்கறிஞர் என் கடிதத்தைக் கொடுத்திருக்கிறாராம். மனைவியை யாரோடும் தொடர்பில்லாமல் வைத்திருந்ததாகச் சொல்வது பொய்யாம். அந்த வீட்டில் லைனே இல்லையாம். அதற்கு அவளுடைய சொந்த அக்கா, துறை வல்லுநர், கையெழுத்திட்ட சான்று இருக்கிறதாம். கீழே விழுந்ததில்தான் பல் உடைந்ததாம். கிருபாவின் வதிவிட அனுமதி அவனுடைய மனைவி என்பதில் தங்கியிருக்கிறது. அவன் செய்ததை நிறுவ முடியாவிட்டால் அவளை ஊருக்கு அனுப்பிவிடலாம். அம்மா வீட்டுக்கு. அம்மா அவளை யாரிடம் திருப்பி அனுப்புவாள் என்று எனக்குத் தெரியும்.

வாக்குமூலம் தருகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். ரைனர் எங்கள் பக்க ஒலியை நிறுத்திவிட்டுப் பேசினார். நல்ல மனிதர்தான். “வரைபடப் பிழை என்று சொல்லுங்கள். கூட்டுறவின் தரவு தெளிவாக இல்லை, அதனால் தவறு நேர்ந்தது. யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆய்வு செய்யாமல் ஆய்வு என்று எழுதினீர்கள் என்று வந்தால், உங்களை இங்கே வைத்திருக்க என்னால் முடியாது.”

அந்த அட்டவணையில் ஸ்கோவ்கெர் வரியில் ஆரம்பத்திலிருந்தே ஒரு பிழையும் இல்லை. லைன் உண்டு, கம்பனிகள் மூன்று. பிழை முழுக்க நான் உள்ளே கொண்டுவந்தது. வரைபடத்தின் மேல் இதையும் சுமத்தினால், அவளுக்கு மண்டை பிழைக்கவில்லை என்று சொல்ல உலகத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

ஒலியைத் திறந்தேன். அதிகாரி ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“கடிதத்தில் இருப்பது உங்கள் கையெழுத்தா?”

“ஆம்.”

“அந்த வீட்டில் இணைப்பு இருந்ததா?”

“இருந்தது. அந்தக் கடிதம் பொய்.”

“எமது ஆய்வில் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன ஆய்வு செய்தீர்கள்?”

“வீட்டுக்காரரைப் போனில் கேட்டேன்.”

“அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். பகல் முழுக்க வீட்டில் இருந்தவர் உங்கள் தங்கை. அவரை ஏன் கேட்கவில்லை?”

ரைனர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

“கேட்கத் தோன்றவில்லை” என்றேன்.

அப்படியே எழுதிக்கொள்ளவா என்று கேட்டார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.